கூட்டாஞ்சோறு



வீடு சந்திக்க வரும்பொழுதெல்லாம் ஒரு கேள்வி கேட்டு வருகிறேன். உங்களில் அநேகருக்கு அது ஞாபகம் இருக்கும். “சிநேகிதர் குடும்பம் ஒன்று உங்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுப் போனது கடைசியாக எப்பொழுது?” என்பதே அந்தக் கேள்வி. கலியாணம், புதுநன்மை, புதுமனை புகுதல், துக்க வீட்டுச் சாப்பாடு இவைகளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. காரணம் ஒன்றும் இல்லாமல், “வாருங்கள், இன்றைக்கு நம் வீட்டில் சாப்பிடலாம்” என்று கூப்பிட்டு நாலு பேர் வந்து உட்கார்ந்ததைத்தான் கேட்கிறேன்.

கேட்டவுடன் வீட்டுக்காரர் வீட்டம்மாளைப் பார்க்கிறார். வீட்டம்மாள் கூரையைப் பார்க்கிறாள். கடைசியில் எந்த வீட்டிலும் ஒரே பதில்தான் வருகிறது: “ஆசை இருக்கிறது சாமி. ஆனால் கூப்பிட்டுவிட்டுச் சும்மா போட முடியுமா?”

அந்தச் “சும்மா போட முடியுமா” என்ற சொல்லைப்பற்றியே இந்த வாரப் பாடம்.

சும்மா போடக் கூடாது என்று நினைத்தவுடன் என்ன நடக்கிறது பாருங்கள். முதலில் பிரியாணி என்கிறோம். பிரியாணி என்றால் கூட ஒரு வறுவல் வேண்டும். பிறகு ஓர் இனிப்பு. வருகிறவர்கள் வீட்டில் மேசை நாற்காலி இருக்கிறதே, நம் வீட்டில் பாய்தானே என்ற விசாரம். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தபிறகு கூப்பிடலாம் என்ற தீர்மானம். சுண்ணாம்பு அடிப்பதற்குள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்டும் காலம் வந்துவிடுகிறது. அந்த விருந்து நடப்பதே இல்லை.

நடந்துவிட்டாலோ வேறொரு தொல்லை. சாப்பிட்டுவிட்டு வீடு திரும்புகிற புருஷனும் மனைவியும் வழியில் பேசிக்கொள்வது என்ன? “அவர்கள் இவ்வளவு செய்தார்களே, நாம் திரும்பக் கூப்பிட்டால் அதற்குக் குறையாமல் செய்ய வேண்டுமே.” அதே தரத்தில் செய்யச் சக்தி இல்லாத குடும்பம் கூப்பிடாமல் இருந்துவிடுகிறது. பின்பு தெருவில் கண்டாலும் கொஞ்சம் ஒதுங்கியே போகிறது. அன்பை வளர்க்க வைத்த விருந்து அன்புக்கு முடிவு கட்டிவிடுகிறது. புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கங்களில் ஆடி மாதத்தில் மொய் விருந்து நடத்துகிறார்கள். அங்கே நோட்டுப் போட்டு எழுதி, கொடுத்ததைத் திருப்பி வாங்குவது பகிரங்கமான ஏற்பாடு. கைமுதல் வேண்டியவனுக்கு அது உபகாரமாயும் இருக்கிறது. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் சிநேகிதத்துக்காக வைக்கிற சாப்பாட்டிலும் மனசுக்குள் ஒரு மொய் நோட்டை விரித்து வைத்துக்கொள்கிறோமே, அதுதான் வருத்தம்.

இதில் என் பாவசங்கீர்த்தனமும் ஒன்று உண்டு. சுமார் 15 ஆண்டுகளுக்கு முன், நான் இளங்குருவாயிருந்த பங்கில், ஞாயிறு இராச்சாப்பாட்டை வீட்டுக்கு ஒரு முறையாகப் பங்கு மக்கள் ஏற்பாடு செய்திருந்தார்கள். முதல் வீட்டில் கோழிக் குழம்பு. மிக நன்றாயிருந்தது. அடுத்த வாரம் இரண்டாம் வீட்டில் உட்கார்ந்து, முதல் வீட்டுக் குழம்பை நான் மெச்சிப் பேசினேன். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, வாய்ப்பேச்சுதான். மூன்றாம் வீட்டில் ஆட்டுக்கறியும் மீனும் வந்தன. அதையும் மெச்சினேன். இப்படியே போய், முறை கடைசித் தெருவுக்கு வந்தது. அங்கே இருந்தவர்கள் உப்பளத்தில் கூலி வேலை செய்கிறவர்கள். அந்த ஞாயிறு ஒரு சிறு பெண் கோவிலுக்கு வந்து, “அம்மாவுக்குச் சுகமில்லை, இன்னொரு நாள் பார்க்கலாமாம் சாமி” என்று சொல்லிவிட்டு ஓடிப்போனாள். அடுத்த வாரத்துக்குரிய வீட்டார் உறவினர் ஊருக்குப் போய்விட்டார்களாம். அதற்கு அடுத்த வீட்டிலும் ஏதோ ஒரு சாக்கு. இந்தத் தெருவாருக்குக் குருமேல் பற்று இல்லை என்று நான் முடிவு கட்டினேன்.

உபதேசியார் வயதானவர். ஒரு நாள் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்: “சாமி, உங்களுக்குச் சோறு போடுவதற்காக அந்தத் தெருவில் ஒரு தாய் காதுக் கம்மலை அடகு வைக்க விசாரித்தாள். புருஷன்தான் தடுத்தான். சுகமில்லை என்று சொல்லச் சொன்னவனும் அவனே.” அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. என் நாக்கு மெச்சிய மெச்சலே அந்தத் தெரு வாசல்களை எனக்கு அடைத்திருக்கிறது. அவர்கள் வீட்டுக் கஞ்சியையும் துவையலையும் நான் சந்தோஷமாய்ச் சாப்பிட்டிருப்பேன். அதை அவர்கள் நம்பும்படியாக நான் நடந்துகொள்ளவில்லை.

அதற்குப் பரிகாரமாக நான் புதிதாய் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. நம் பாட்டிமார் காலத்திலிருந்தே நம்மிடம் இருப்பதுதான். கூட்டாஞ்சோறு என்றால் உங்களுக்குத் தெரியாதா? பிள்ளைகள் ஆளுக்கொரு பிடி அரிசி, ஆளுக்கொரு காய் என்று வீட்டிலிருந்து எடுத்துவந்து, மரத்தடியில் மூன்று கல் கூட்டி, ஒரே சட்டியில் பொங்கித் தின்கிற விளையாட்டு அது. பாதி வெந்திருக்கும், பாதி கருகியிருக்கும், ஆனாலும் மிச்சமிராது. திருநெல்வேலிச் சீமையில் அரிசி, பருப்பு, காய்கறி, கீரை எல்லாம் ஒன்றாய்ப் போட்டு வேகவைக்கிற சோற்றுக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. இதற்கு உடன்பிறப்பு நிலாச்சோறு. பவுர்ணமி இரவில் முற்றத்தில் பிள்ளைகளை வட்டமாய் உட்காரவைத்துப் பெரியவள் ஒருத்தி சோற்றைப் பிசைந்து உருட்டி ஒவ்வொரு கையிலும் வைப்பாள். யார் வீட்டுப் பிள்ளை என்று அந்தக் கை பார்ப்பதில்லை.

இது சிறுபிள்ளை விளையாட்டாயிற்றே என்பீர்களானால், அர்ச். அருளப்பர் சுவிசேஷம் 21-ம் அதிகாரத்தை எடுத்துப் படியுங்கள். சேசுநாதர் சுவாமி உயிர்த்தெழுந்த பிறகு திபேரியாக் கடற்கரையில் நடந்தது அது. சீஷர் ஏழு பேர் இரவு முழுதும் வலை வீசி ஒன்றும் கிடைக்காமல் திரும்புகிறார்கள். கரையில் நின்றவர் சொன்னபடி வலது பக்கம் வலையைப் போட, 153 பெரிய மீன்கள் அகப்படுகின்றன. கரை ஏறிப் பார்த்தால், கரி நெருப்புமேல் ஏற்கெனவே மீன் வெந்துகொண்டிருக்கிறது, அப்பமும் இருக்கிறது. கவனியுங்கள்: ஆண்டவரிடத்தில் மீன் இருந்தது. அவர்களுடைய மீன் அவருக்குத் தேவையில்லை. அப்படியிருந்தும் அவர்கள் பிடித்த மீன்களில் சிலவற்றையும் கொண்டுவரச் சொல்கிறார்.

ஏன் கேட்டார் என்று வேதபாரகர்கள் பலவிதமாய் விளக்கலாம். கடைசித் தெருவின் கதை தெரிந்த எனக்கு ஒரு காரணம் தோன்றுகிறது. வெறுங்கையாய் வந்து உட்காருகிறவன் விருந்தாளியாயிருப்பான். தன் மீனும் நெருப்பில் வேகிறதென்றால் அவனும் வீட்டுக்காரனாகிறான். கொடுக்கிறவனாகவே எப்பொழுதும் இருப்பது சுகமான காரியம். மற்றவனிடத்திலிருந்து வாங்கிக்கொள்வதற்குத்தான் தாழ்ச்சி வேண்டியிருக்கிறது. வசதியுள்ள குடும்பங்களுக்கு இதை விசேஷமாய்ச் சொல்லுகிறேன். “நீங்கள் ஒன்றும் கொண்டுவர வேண்டாம், சும்மா வாருங்கள்” என்று நீங்கள் பெருந்தன்மையோடு சொல்வது ஏழைச் சிநேகிதன் காதில் எப்படி விழுகிறது என்று ஒரு முறை யோசித்துப் பாருங்கள்.

ஆகவே அந்தப் பங்கில், அடுத்த ஆண்டு, கடைசித் தெருவிலேயே ஒரு வீட்டு முற்றத்தில் முதல் கூட்டாஞ்சோறு வைத்தோம். எப்படி வைத்தோம் என்பதை விவரமாய்ச் சொல்லுகிறேன். நீங்களும் செய்து பார்க்க உதவும்.

பிள்ளைகளோடு சேர்த்து 20 பேருக்கு 2 கிலோ அரிசி, 600 கிராம் துவரம் பருப்பு, காய்கறி எல்லாம் சேர்த்து 2 கிலோ, 2 தேங்காய், எலுமிச்சம்பழ அளவில் இரண்டு உருண்டை புளி போதும். உடலுழைப்பாளிகள் அதிகமாயிருந்தால் அரிசியை அரைக் கிலோ கூட்டிக்கொள்ளுங்கள். ஒரு வீட்டார் அரிசி, இன்னொரு வீட்டார் பருப்பும் புளியும், இரண்டு வீட்டார் காய், ஒருவர் தேங்காய். யார் வீட்டில் முருங்கை நிற்கிறதோ அவர்கள் கீரை. ஒன்றும் வாங்க முடியாத குடும்பம் இருக்குமானால், கறிவேப்பிலையும் அம்மியும் அவர்களுடையதாயிருக்கட்டும். அம்மி இல்லாமல் மசாலை இல்லை, ஆதலால் அது சின்னக் காணிக்கை அல்ல. யார் எதைக் கொண்டுவந்தார்கள் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டாம். எல்லாம் ஒரே அண்டாவுக்குள் போனபின் எந்த அரிசி யாருடையது என்று சம்மனசாலும் சொல்ல முடியாது.

பருப்பை முக்கால் வேக்காடு வேகவிட்டு, அரிசியைக் கழுவிப் போட்டு, அரிசிக்கு மூன்று மடங்குக்குக் குறையாமல் தண்ணீர் விடுங்கள். குழைந்து வர வேண்டிய சோறு இது. உதிரி உதிரியாய் எதிர்பார்க்க வேண்டாம். வாழைக்காய், கத்தரிக்காய், முருங்கைக்காய், அவரை, காலத்துக்கேற்ப மாங்காய், எதுவும் ஆகும். புளியை மாத்திரம் அவசரப்பட்டு விட்டுவிடாதீர்கள். புளிப்புச் சேர்ந்தால் பருப்பும் காயும் வேக மறுக்கும். எல்லாம் வெந்தபிறகே புளித்தண்ணீர். பின்பு தேங்காய், சீரகம், மிளகாய் வற்றல், சின்ன வெங்காயம், பூண்டு, மஞ்சள் அரைத்த விழுது, அதன்பின் முருங்கைக் கீரை. கடைசியாய் வடகமும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டி மூடிவிட்டால் தெருக்கோடி வரை வாசனை போகும். தொட்டுக்கொள்ள அப்பளமே தாராளம். மாமிசமில்லாத சோறு ஆகையால் தபசுக்கால வெள்ளியிலும் தடையில்லை.

அரைத்த தேங்காய் சேர்ந்த சோறு சீக்கிரம் கெடும். எந்தச் சோறானாலும் இரண்டு மணி நேரத்துக்குமேல் வெளியில் ஆறிக்கிடக்க விடாதீர்கள். ஆறின சோற்றில் வளருகிற கிருமியின் விஷம் திரும்பச் சுடவைத்தாலும் போகாது. மீந்ததை அந்த இரவே சூடாய்ப் பங்கிட்டு அனுப்பிவிடுங்கள். மொட்டைமாடிக்கோ கடற்கரைக்கோ கட்டிக்கொண்டு போவதானால் புளியோதரைதான் நம்பிக்கையானது. தேங்காய்ச் சோறு முதலில் கெடும்.

சமையலை அடுப்படிக்குள் வைக்காமல் முற்றத்தில் வையுங்கள். இது முக்கியம். பெத்தானியா ஊரில் மார்த்தம்மாள் அடுப்படியிலும் மரியம்மாள் ஆண்டவர் பாதத்திலும் இருந்ததால் வந்த வழக்கு உங்களுக்குத் தெரியும். சமைக்காதே என்று ஆண்டவர் மார்த்தம்மாளிடம் சொல்லவில்லை. பல காரியங்களைப்பற்றி மனதைக் கலக்கிக்கொள்ளாதே என்றுதான் சொன்னார். தேவையானது ஒன்றே என்ற அவருடைய மறுமொழிக்கு, ஒரே கறி போதும் என்று பொருள் சொன்ன வியாக்கியானிகளும் உண்டு. அதை ஒரு தாய்மார் கூட்டத்தில் நான் சொன்னபோது கிடைத்த கைதட்டல் என் பிரசங்கம் எதற்கும் கிடைத்ததில்லை. பாஸ்குவுக்கு ஆறு நாளைக்கு முன் அதே பெத்தானியாவில் நடந்த விருந்திலும் மார்த்தம்மாள் பரிமாறினாள் என்று அர்ச். அருளப்பர் எழுதுகிறார். அந்த முறை அவள் முறையிட்டதாக ஒன்றும் இல்லை.

ஆண்பிள்ளைகள் தேங்காய் துருவட்டும், வெங்காயம் உரிக்கட்டும், தண்ணீர் சுமக்கட்டும். அண்டா கழுவுவது அவர்கள் பொறுப்பு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், பின்னால் சொன்னால் ஆளைக் காண முடியாது. செல்போனுக்கு நான் சட்டம் ஒன்றும் போடவில்லை. வெங்காயம் உரிக்கிற கை அதைத் தொடாது. மதுபானம் வேண்டாம். கானாவூர்க் கலியாணத்தைக் காட்டி வாதிக்கிறவர்கள் நம் பங்கிலும் இருக்கிறார்கள். அங்கே தேவமாதா பக்கத்திலேயே இருந்தார்கள் என்பதை அவர்கள் மறக்க வேண்டாம். சீட்டுப் பணம், பங்குப் பேரவை வழக்கு, யார் மகளுக்கு ஏன் வரன் அமையவில்லை என்ற விசாரணை, இவைகளையும் செருப்போடு வாசலில் விட்டுவிட வேண்டும். தீர்க்க வேண்டிய மனஸ்தாபம் ஒன்று இருந்தால், சாப்பாட்டுக்குப் பிறகு பேசுங்கள். மூன்று முறை மறுதலித்த இராயப்பரிடம், அவர் சாப்பிட்டு முடித்தபிறகே ஆண்டவர் தம் கேள்வியைக் கேட்டார்.

நேரத்தைக் குறிக்கும்போது, கடைசியாய் வேலை முடிந்து வருகிறவரைப் பார்த்துக் குறியுங்கள். கொரிந்து பட்டணத்துக் கிறிஸ்தவர்கள் இதில்தான் தவறினார்கள். அவரவர் தம் தம் சாப்பாட்டை முந்திக்கொண்டு தின்றார்கள். ஒருவன் பசியோடு நிற்க மற்றவன் வெறித்திருந்தான். ஏழைகளை வெட்கப்படுத்துகிறீர்களே என்று அர்ச். சின்னப்பர் அவர்களுக்கு எழுதிய முதல் நிருபம் 11-ம் அதிகாரத்தில் கண்டிக்கிறார். ஒருவருக்கொருவர் காத்திருங்கள் என்பதே அவர் கொடுத்த மருந்து. உப்பளத்திலிருந்து வருகிறவர் கை கால் கழுவி உட்கார்ந்தபின் இலை போட்டால், அன்றைக்கு அவர் அந்த நிருபத்தைப் படித்தவருக்குச் சமானம்.

இனி, சொல்லாமல் விடக்கூடாத ஒன்று. ஒரே அண்டாவில் சமைக்கிறோம் என்றவுடன், துடுப்பைப் பிடித்துக் கிண்டுகிறவர் யார் என்ற கேள்வி சிலர் மனதில் எழும்புகிறது. சாதிக்கொரு கல்லறைச் சுவர் எழுப்பிய பங்குகள் நம் நாட்டில் இருந்தன. அந்த எண்ணம் முற்றும் ஒழிந்துவிட்டது என்று என்னால் எழுத முடியவில்லை. நான் சொன்ன முதல் கூட்டாஞ்சோற்றிலேயே அது வந்தது. இலை போட்டு உட்காரும் நேரத்தில், கோவில் காரியங்களில் முன் நிற்கிற ஒருவர், கிண்டுகிறவளைப் பார்த்தார். “எனக்கு இன்றைக்கு ஒருசந்தி சாமி” என்று எழுந்து போய்விட்டார். அன்று ஒருசந்தி நாளல்ல. எனக்கும் தெரியும், அங்கே உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் தெரியும், துடுப்பைப் பிடித்திருந்த அந்த அம்மாளுக்கு மிக நன்றாய்த் தெரியும்.

அந்தியோக்கியாவில் அர்ச். இராயப்பரே இப்படி ஒரு முறை செய்தார். புறசாதியாரோடு கூட உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் அவர்களுக்குப் பயந்து விலகிக்கொண்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் விலகினார்கள், பர்னபாவும்கூட. அர்ச். சின்னப்பர் முகத்துக்கு நேராய் அவரைக் கண்டித்ததாகக் கலாத்தியர் நிருபத்தில் தாமே எழுதுகிறார். அப்போஸ்தலர்களுக்குள் நடந்த வழக்கு, யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்பதைப்பற்றியது! இதைச் சில்லறைக் காரியம் என்று யார் சொல்லலாம்?

நான் அன்று சின்னப்பரைப்போல் பேசவில்லை. சபை நடுவில் ஒரு பெரியவரை வெட்கப்படுத்துவானேன் என்று சும்மா இருந்துவிட்டேன். வெட்கப்பட்டவள் அங்கே துடுப்போடு நின்றாள் என்பதை மறந்தேன். மறுவாரம் அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். நான் அந்தப் பங்கைவிட்டு மாறி வரும் வரை அவர் கூட்டாஞ்சோற்றுக்கு வரவில்லை. அவர் மனைவியும் இரண்டு மகன்களும் மூன்றாம் முறையிலிருந்து வந்தார்கள். அந்த மனைவிதான் ஒரு நாள் தானாய் எழுந்து போய், அந்த அம்மாளிடத்திலிருந்து துடுப்பை வாங்கி, “கை ஓய்ந்திருக்கும், கொஞ்சம் உட்காருங்கள் அக்கா” என்றாள். அவளை அக்கா என்று அந்தத் தெருவில் அவர்கள் வீட்டார் யாரும் அதுவரை கூப்பிட்டதில்லை.

விருந்தோம்பல் என்று திருவள்ளுவர் ஓர் அதிகாரமே வைத்தார், ஒன்பதாவது அதிகாரம். அனிச்சப்பூ மோந்தால்தான் வாடும், விருந்தினரோ முகம் மாறிப் பார்த்த அளவிலேயே வாடிவிடுவார் என்பது அங்கே அவர் சொல்கிற கருத்து. பத்துக் குறளிலும் அவர் பதார்த்தங்களின் பட்டியல் ஒன்றும் கொடுக்கவில்லை. அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்த நம் வீரமாமுனிவர் இந்த அதிகாரத்தைக் கடந்தபோது என்ன நினைத்திருப்பார் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. கூட்டாளி என்பதற்குப் பிற்கால இலத்தீன் வழங்கிய சொல், அப்பத்தை உடனிருந்து உண்கிறவன் என்று பொருள்படும். செமினாரியில் அதைக் கற்றபோது எனக்கு உடனே கூட்டாஞ்சோறுதான் ஞாபகம் வந்தது. பேராசிரியரிடம் சொன்னேன், அவர் சிரித்தார்.

யாரைக் கூப்பிடுவது என்று கேட்பீர்கள். பழகின இரண்டு குடும்பத்தைக் கூப்பிடுங்கள். அவர்களோடு, இதுவரை உங்கள் வாசல் மிதியாத ஒரு குடும்பத்தையும் கூப்பிடுங்கள். திரும்பக் கூப்பிடச் சக்தியில்லாதவர்களையே அழைக்கும்படி ஆண்டவர் சொன்னது அர்ச். லூக்காஸ் சுவிசேஷம் 14-ம் அதிகாரத்தில் இருக்கிறது. புதிதாய் வந்தவர் அண்டாவண்டை தனியே நிற்காதபடி ஒரு வேலையைக் கையில் கொடுத்துவிடுங்கள். பேச்சு தானாய் வரும். தனியாய் இருக்கிற முதியவர்கள், வேலைக்காக வெளியூரிலிருந்து வந்து நம் தெருவில் அறை எடுத்துத் தங்கியிருக்கிற வாலிபர்கள், மனைவியை இழந்து ஆறு மாதமாய்க் கடைச் சாப்பாடு சாப்பிடுகிறவர், இவர்களை உங்களுக்கே தெரியும்.

வருகிற பவுர்ணமியன்று, மழை இல்லாதிருந்தால், மாலை ஏழரை மணிக்குக் கோவில் முற்றத்தில் நாமும் கூடுவோம். அதற்குப் பின் தெருவுக்குத் தெரு உங்கள் வீடுகளிலேயே நடக்கட்டும், நான் கூப்பிட்ட இடத்துக்கு வருகிறேன். என்னைக் கூப்பிடுகிறவர்கள் தயவுசெய்து எனக்கென்று தனிக்கறி வைக்க வேண்டாம். வைத்தால் சாப்பிட மாட்டேன். அரிசியோ காயோ கீரையோ எது கொண்டுவருகிறீர்கள் என்பதை முந்தின ஞாயிறு பூசைக்குப் பின் உபதேசியாரிடம் சொல்லிவிடுங்கள். உப்பும் அப்பளமும் என் பொறுப்பு. கோவிலுக்குச் சொந்தமான பெரிய அண்டா இரண்டும் துடுப்பும் வேண்டிய குடும்பங்களுக்கு இரவலாகக் கிடைக்கும், வாடகை இல்லை. சென்ற முறை ஓர் அண்டா அடிப்பிடித்தபடியே திரும்பி வந்தது. சுத்தமாய்க் கழுவிக் கொடுக்கவும்.